எண்ணூரில் ஒரு ரிசார்ட் சாப்பாடு

பீச் ரிசார்ட்டுன்னு சொன்னா நீங்க எல்லாரும் வண்டிய ஈ.சி.ஆர். பக்கம்தான் திருப்புவீங்க. கோவளம், மாமல்லபுரம், மணல்ல கீத்துக் குடை, மேஜையில வறுத்த வஞ்சிரம். தப்பே இல்ல. ஆனா ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்னு ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க. வெள்ளைக்காரன் காலத்துல மதராஸ்காரங்க ஓய்வெடுக்கப் போன இடமே எண்ணூர்தான். கழிமுகத்து ஓரம் பங்களா, படகு சவாரி, மீன்பிடின்னு இருந்த ஊர் அது.

எங்க பெரியப்பா மகன் லாரி கம்பெனி வேலைக்குன்னு அங்க போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. போன மாசம் போயிருந்தப்ப, "வாடா, இன்னைக்கு உனக்கு ரிசார்ட் சாப்பாடு" அப்படின்னார் அண்ணன். அண்ணி தூக்குல இறால் தொக்கும், சோறும், நெத்திலி வறுவலும் கட்டிக் குடுத்தாங்க. சாயங்காலம் விரைவுச் சாலையில கண்டெய்னர் லாரி வரிசையத் தாண்டி, கடலுக்குப் போட்டிருக்கிற கருங்கல் மேல ஏறி உட்கார்ந்தோம். மணல் கிடையாது. காத்து மட்டும் அப்படி ஒரு காத்து. அதுக்கு ஈ.சி.ஆர்.ல தனியா பில் போடுவாங்க.

அண்ணன் கடலக் கை காட்டி, "அங்க ஒரு தெரு இருந்துச்சு"ன்னார். அவர் காட்டின இடத்துல அலைதான் அடிச்சுகிட்டிருந்துச்சு.

இது ஏன்னு எங்க ஊர் வாய்க்காலப் பார்த்தவங்களுக்குச் சுலபமா புரியும். குறுக்கே கல்லடுக்கி மறிச்சா மேல்பக்கம் வண்டல் மேடு தட்டும். கீழ்பக்கம் தண்ணி வெறும் வயித்தோட போய்க் கரைய அரிக்கும். கீழ்மடைக்காரன் சண்டைக்கு வருவான். சோழமண்டலக் கடற்கரையிலயும் மணல் ஒரு வாய்க்கால் மாதிரிதான் நகருது. வருஷத்துல பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே போகும், வாடைக் காலத்துல கொஞ்ச நாள் திரும்பும். 1875-ல அடிக்கல் நாட்டிக் கட்டின துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிக்குது. தெக்கால மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கால மணல் வராம, ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடல் ஊருக்குள்ள வந்துச்சு. நீங்க மெரினாவுல சுண்டல் தின்னுகிட்டு உட்கார்ற மணல்ல ஒரு பங்கு, நியாயமா இந்தக் கீழ்மடைக்குச் சேர வேண்டியது. இவங்க யார்கிட்ட சண்டைக்குப் போவாங்க?

அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 1970-ல அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சு 2017-ல மூடினாங்க. சாம்பல் மட்டும் இன்னும் கழிமுகத்துல கிடக்கு.

எனக்கு இதுல சொந்தப் பாத்தியமும் உண்டு. எங்க நிலம் கொசஸ்தலை ஆத்துப் பாசனம். பூண்டி திறந்தா தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டுன்னு தாண்டி தண்ணி எண்ணூர்லதான் கடலச் சேருது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப எங்க நெல்லு தலை சாஞ்சு தண்ணியில கிடந்துச்சு. அதே வாரம் கீழே மணலிப் பக்கத்து வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவிருச்சு. படகு, வலை, அலையாத்தி மரத்து வேர் எல்லாம் கருப்பு. எங்களுக்கு அடுத்த பட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, நாத்து விட்டோம். சேத்துல இறங்கிக் கையால தடவி இறால் பிடிக்கிறவங்க எந்தப் பட்டத்துக்குக் காத்திருப்பாங்க?

நான் இதையெல்லாம் பேசப் பேச அண்ணன், "சோறு ஆறுது, தின்னு"ன்னு அதட்டினார். தொக்கு பிரமாதம். பூண்டு தூக்கலா, எண்ணெய் மிதக்காம, ஒவ்வொரு இறாலும் கட்டை விரல் தண்டி. எந்த ஓட்டல்லயும் எனக்கு இப்படிக் கிடைச்சதில்ல. அடிச் சட்டியில சோத்தப் பிரட்டி வழிச்சுத் தின்னுட்டு, "இந்தக் கழிமுகத்து இறாலாண்ணே?"ன்னு கேட்டேன்.

"இல்லடா, பழவேற்காட்டுது. இந்த இறால உங்க அண்ணி வாங்கறதில்ல"ன்னார்.