மாட்டுக்கு டாக்டர், மனசுக்கு?

பெங்களூர் காலையில் காபி குடிக்க வேண்டுமானால், ஹொசகோட்டையிலும் ஆனேக்கல்லிலும் மாகடியிலும் யாராவது இருட்டோடு எழுந்து சாணி வழித்தாக வேண்டும். தொழுவத்தைக் கழுவி, தீவனம் வைத்து, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு ஓட வேண்டும். சாயங்காலம் மறுபடியும் அதே ஓட்டம். உகாதியோ, வீட்டில் கல்யாணமோ, காய்ச்சலோ, மாட்டுக்குக் கணக்கில்லை. நெல் விவசாயிக்கு அறுவடை முடிந்தால் நான்கு நாள் ஓய்வு. மாடு வைத்திருப்பவருக்கு அது கிடையாது. கறக்காமல் விட்டால் மடி கட்டி நோய் வந்துவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது நிம்மதியான பிழைப்பு. மழை பொய்த்தாலும் பால் பணம் வரும் என்பார்கள். 'நந்தினி' பாலை விற்கும் கர்நாடகப் பால் கூட்டமைப்புக்குக் கிராமம் கிராமமாகச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் பணத்தை முடிவு செய்வது பாலின் அளவு மட்டுமல்ல. கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று சங்கத்துக் கருவி சொல்ல வேண்டும். தீவனம் மாறினாலும், மாடு சுணங்கினாலும் அந்த எண் இறங்கிவிடும். மாதத்தில் அறுபது முறை பரீட்சை எழுதுவது போலத்தான்.

இதற்கு மேல் நோய். 2013-ல் கோமாரி, 2022-ல் தோல் கழலை நோய் என்று கர்நாடகம் இரண்டு பெரிய அடிகளை வாங்கியது. 2023-ல் மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பசும்புல் இல்லாவிட்டால் வைக்கோலையும் பிண்ணாக்கையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கடனில் வாங்கிய மாடு செத்தால் மாடு போய்விடும், கடன் போகாது. நகரம் நெருங்க நெருங்க மேய்ச்சல் நிலமும் லே-அவுட்டாகிறது.

இந்தப் பாரம் 'மனக்கவலை' என்ற பெயரில் வெளியே வருவதில்லை. தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வருகிறது. ஆண்கள் சிலர் சாராயக் கடைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். தொழுவத்தோடு அடுப்பையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமே இல்லை. மனநல டாக்டரிடம் போனால் ஊர் 'பைத்தியம்' என்று பேசுமே என்ற பயம் இருவருக்கும் உண்டு.

விந்தை என்னவென்றால், நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதே பெங்களூரில்தான் இருக்கிறது. நோயாளி வரட்டும் என்று அது காத்திருக்கவும் இல்லை. 1970-களிலேயே பன்னர்கட்டா சாலைப் பக்கம் சக்கலவாராவில் மையம் அமைத்து, கிராமத்துச் சாதாரண டாக்டர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் மனநோயை அடையாளம் காணப் பயிற்சி அளித்தது. 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் அதை விரிவாகச் செய்து பார்த்தது. அந்த முறைதான் 1996-ல் தேசிய அளவில் மாவட்ட மனநலத் திட்டமாயிற்று. 2022 அக்டோபர் 10-ல் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையும் வந்துவிட்டது. 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். கன்னடத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஆக, உதவி இல்லாமல் இல்லை. அது தொழுவம் வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். போய்ச் சேர வழியும் ஏற்கெனவே இருக்கிறது. ஊரில் தினமும் இரண்டு வேளை எல்லோரும் வந்து போகும் இடம் பால் சொசைட்டி. ஒரு மாடு ஒரு லிட்டர் குறைத்துக் கறந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும். கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்த மாட்டுக்காரர் பத்து நாளாக யாரிடமும் பேசாமல் கேனை வைத்துவிட்டுப் போவதும் அங்கேதான் முதலில் தெரியும். பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் 14416 என்று எழுதி ஒட்டலாம். செயலாளருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். 'மாடு எப்படி இருக்கிறது?' என்று கேட்பவர், 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்றும் கேட்டால் போதும்; பாதிப் பேர் வாய் திறப்பார்கள்.