ஆற்றுக்கு அந்தப் பக்கம் 170 டாலர்

நியூஜெர்சி எடிசனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் காலையில் ரயிலேறி மன்ஹாட்டன் போகிறவர்கள். மீதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு பிரின்ஸ்டன், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் போகிறவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான், மளிகைக்கடையும் ஒன்றுதான். உடம்புக்கு முடியாமல் படுத்தால் மட்டும் இரண்டு கட்சியாகிவிடுவோம்.

அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட காய்ச்சல் என்று சில வாரங்கள் வேலைக்குப் போக முடியாதபோது சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் காப்பீடு 'ஷார்ட் டேர்ம் டிசபிலிட்டி'. வேலையிடத்தில் அடிபட்டால் அது வேறு கணக்கு. இதில் சட்டம் பார்ப்பது உங்கள் வீடு எந்த மாநிலத்தில் என்பதை அல்ல, வேலை எந்த மாநிலத்தில் என்பதை.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களுக்கு ஒரே வருடத்தில் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. இருவருக்கும் ஆறு வாரம் ஓய்வு. பிரின்ஸ்டனில் வேலை பார்த்தவருக்கு நியூஜெர்சி சட்டப்படி சம்பளத்தில் 85 சதவீதம். அதற்கு உச்சவரம்பு உண்டு, 2025இல் வாரம் 1,081 டாலர். மன்ஹாட்டன்காரருக்கு நியூயார்க் சட்டப்படி பாதிச் சம்பளம், அதுவும் வாரம் 170 டாலருக்கு மேல் போகாது. அவருடைய கம்பெனி அதற்கு மேல் எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை. "எனக்கு மாசம் ரயில் பாஸுக்கே பாதி போயிடுமே அக்கா" என்றார். நல்லவேளை, அந்த ஆறு வாரமும் ரயிலேற வேண்டியிருக்கவில்லை.

170 என்பது 1989இல் வைத்த வரம்பு. 2025 வரைக்கும் அப்படியே கிடந்தது. தொழிலாளியிடம் பிடிப்பதும் வாரத்துக்கு 60 சென்ட்தான். கொடுத்ததற்குத் தகுந்த வரவு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2018 முதல் நியூயார்க்கில் குடும்ப விடுப்புக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்ள மனைவி லீவு போட்டால் சம்பளத்தில் 67 சதவீதம், 2025இல் வாரம் 1,177 டாலர் வரை கிடைக்கும். படுத்திருக்கும் கணவருக்கு 170.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழைய காரணம் இருக்கிறது. இந்தக் காப்பீட்டை முதலில் தொடங்கியது ரோட் ஐலண்ட், 1942இல். சில மாநிலங்களில் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு முதலாளி மட்டுமல்ல, தொழிலாளியும் பணம் கட்டிவந்தார். அந்தப் பணத்தை நோய்க்கால உதவிக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று 1946இல் மத்திய அரசு வழிவிட்டது. கலிஃபோர்னியா அந்த வருடமே பிடித்துக்கொண்டது, நியூஜெர்சி 1948இல். நியூயார்க் 1949இல் சட்டம் போட்டு, காப்பீட்டை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை முதலாளிகளிடம் விட்டது. ஹவாய் 1969இல் வந்தது. பிறகு நெடுநாள் யாரும் வரவில்லை. வாஷிங்டன், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஓரிகான், கொலராடோ எல்லாம் 2020இலும் அதற்குப் பிறகும் பணம் கொடுக்கத் தொடங்கியவை.

முன்னோடியான கலிஃபோர்னியாவும் சாதாரணப் பிரசவத்தை நோயாகக் கருத மறுத்தது. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. இன்றைக்கு அதே கலிஃபோர்னியா பிரசவத்துக்கு முன் நான்கு வாரமும் பின் ஆறு வாரமும், சிசேரியன் என்றால் எட்டு வாரமும் கொடுக்கிறது. வாரம் 2,000 டாலர் வாங்குபவருக்கு 1,400 கைக்கு வரும்.

டெக்சஸில் மாநிலம் கொடுப்பது ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியாவிலும் இல்லை. மத்திய அரசின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் வேலையைக் காப்பாற்றித் தருகிறது, சம்பளத்தை அல்ல. அதற்கும் ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனி வேண்டும், ஒரு வருட சர்வீஸ் வேண்டும். கோவையில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டையோடு வளர்ந்த எனக்கு இது பிடிபடவே நாளானது. கோவைக்கு ஒரு விகிதம், தூத்துக்குடிக்கு ஒரு விகிதம் என்று அங்கே நாங்கள் கேட்டதில்லை.

நம் பையன்கள் டெக்சஸின் ஃபிரிஸ்கோவுக்கும் ஆஸ்டினுக்கும் குடிபெயரும்போது வருமான வரி இல்லை, வீடு மலிவு, பள்ளிக்கூடம் நல்லது என்று எல்லாக் கணக்கும் போடுகிறார்கள். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. பெரிய கம்பெனி என்றால் சம்பளத்தில் அறுபது சதவீதம்போலத் தரும் பாலிசி இருக்கலாம். சின்ன கன்சல்டிங் கம்பெனியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் வாக்கில் எச்.ஆர். அனுப்பும் படிவத்தில் இது ஒரு பெட்டியாக வரும். கர்ப்பம் தரித்த பிறகு அந்தப் பெட்டியில் டிக் அடித்தால், அந்தப் பிரசவத்துக்குப் பணம் இல்லை என்று சொல்லும் பாலிசிகள் நிறைய.

மாநிலம் கொடுக்கும் இடத்திலோ, அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு கெட்டுவிடும் என்று பயந்து விண்ணப்பிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். இது அரசு போடும் இலவசமல்ல. நியூஜெர்சியில் பே ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு வரியில் அதற்குப் பிடித்திருப்பார்கள்.