எண் எழுதாத பக்கங்கள்

செவ்வகத்தின் சுற்றளவு காண்பது எளிய கணக்கென்றே பெரியோராகிய நாம் எண்ணுகிறோம். நீளம் 8 மீட்டர், அகலம் 5 மீட்டர் எனில் சுற்றளவு 26 மீட்டர். ஆயின், மாலைச் செபம் முடிந்து வீட்டுப்பாடத்திற்கு நம் அருகே அமரும் பிள்ளையோ 13 என்று எழுதுகிறது. அதட்டினால் 40 என்று மாற்றுகிறது. மூன்றாம் முறை அது படத்தைப் பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்க்கிறது. கணக்குக் கற்க அமர்ந்த குழந்தை அச்சத்தைக் கற்று எழுந்து செல்கிறது.

அந்த 13 எங்கிருந்து வந்தது? படத்தில் இரண்டு பக்கங்களுக்கே அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த இரண்டையும் பிள்ளை சரியாகவே கூட்டியிருக்கிறது. எண் எழுதாத எதிர்ப்பக்கங்களை அது காணவில்லை. 40 என்பதோ பெருக்கி வந்த பரப்பளவு; தரைக்குக் கல் பதிக்க அது வேண்டும், வேலி கட்ட உதவாது.

இத்தகைய வேளையில் சூத்திரத்தை உரத்துச் சொல்வதால் பயனில்லை. பிள்ளையை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு மூலையில் நிறுத்தி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும்வரை ஓரமாகவே நடக்கச் சொல்வோம். நான்கு பக்கமும் நடந்த பிள்ளை இரண்டோடு நிறுத்தாது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கும் குறுக்கு வழியும் அதன்பின் அதற்குப் பொருள்படும்.

திருவிவிலியத்தில் இதற்கோர் அழகிய பயிற்சி உண்டு. விடுதலைப் பயண நூலின் 27ஆம் அதிகாரத்தில், திருஉறைவிடத்தின் முற்றத்தை அமைக்கும் முறையை ஆண்டவர் மோசேக்கு உரைக்கிறார். நீளமும் அகலமும் மட்டும் கூறி அவர் நிறுத்திவிடவில்லை. தெற்கே 100 முழம், வடக்கே 100 முழம், மேற்கே 50 முழம், கிழக்கே 50 முழம் என ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சொல்லப்படுகிறது. கிழக்கில் இருபுறமும் 15 முழத் திரைகள். இடையே வாயிலுக்கு 20 முழத் திரை. தூண்களும் அவ்வாறே: தெற்கிலும் வடக்கிலும் இருபது இருபது, மேற்கிலும் கிழக்கிலும் பத்துப் பத்து. கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்குச் சுற்றளவு 300 முழமென்றும், தூண்கள் 60 என்றும் விளங்கும்.

எண் எழுதாத பக்கங்கள் நம் பிள்ளைகளிடத்தும் உண்டன்றோ! மதிப்பெண் பட்டியலில் தெரிவதை மட்டும் கூட்டி அவர்களை அளந்துவிடலாகாது. அடுத்த முறை 13 என்ற விடையோடு பிள்ளை வருமாயின், தவறு என்னுமுன், "இது எப்படி வந்தது, கண்ணே?" என்று கேட்போமாக.