திறவாத கதவு

நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வேரூன்றிய நம் குடும்பங்களில், வரும் விருந்தினருக்கெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு. பத்மநாப சுவாமி திருக்கோயிலின் ‘பி’ நிலவறை நாகபந்தத்தால் பூட்டப்பட்டது. கருட மந்திரத்தில் தேர்ந்தவர் ஓதினாலன்றித் திறவாது. வலிந்து திறந்தால் நாடு அழியும். சொல்கையில் நமக்கு ஐயம் எழுவதில்லை. நமக்குச் சொன்னவர்களுக்கும் எழுந்ததில்லை. (பழைய சாபத்திற்கு ஆங்கில எழுத்து எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வழக்கின் வசதிக்காக இட்ட பெயர் அது.)

மும்பையில் வளரும் உறவினர் மகள் ஒருத்தி, பன்னிரண்டு வயதினள், விடுமுறைக்கு வந்தவிடத்தில் இதைக் கேட்டாள். “பெரியப்பா, அந்தக் கதவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” இல்லை. “பார்த்தவர் யாரையாவது தெரியுமா?” அதுவும் இல்லை. கேலி பேசும் வெளியாரை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். அவள் கேலி பேசவில்லை.

ஏடுகள் கூறுவது வேறு. 2011 சூன் இறுதியில், உச்சநீதிமன்ற ஆணைப்படி நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது, பெருஞ்செல்வம் வெளிப்பட்டது ‘ஏ’ அறையில். ‘பி’ அறை அப்போது திறக்கப்படவில்லை. ஆனால் அது 1990இல் இருமுறையும் 2002இல் ஐந்து முறையும் திறக்கப்பட்டதெனத் தணிக்கை செய்த வினோத் ராய் அறிக்கை அளித்தார். திறந்தது முன்னறையே, உள்ளறை அன்று என்பது அரச குடும்பத்தாரின் மறுமொழி. 2020 சூலை 13ஆம் நாள் தீர்ப்போ, திறப்பதா வேண்டாவா என்பதைக் கோயிற் குழுக்களின் முடிவுக்கே விட்டது.

இவ்வளவோடு நின்றால் இது தீங்கற்ற கதையே. வழக்குத் தொடுத்த சுந்தரராஜன் முன்னாள் காவல்துறை அதிகாரி, பத்மநாபனின் பக்தர். 2011 சூலை 17 அன்று, எழுபது வயதில் காலமானார். நம் தெருக்களில் அம்மறைவு உடனே சாபத்தின் பலன் ஆயிற்று. திறந்தது ‘ஏ’, சாபம் இருந்ததோ ‘பி’யில் என்பதுகூட எவர்க்கும் உறுத்தவில்லை! தம் இறைவனின் உடைமைக்குக் கணக்குக் கேட்ட முதியவர் ஒருவரை அவ்விறைவனே தண்டித்தான் என்று பேசுவதை, வெளியார் பக்தியென எவ்வாறு கொள்வர்?

நம்மாழ்வார் இத்தலத்திற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் உள்ளது. அதில் நிலவறை இல்லை, நாகபந்தமும் இல்லை. பாம்பு உண்டு, அது பெருமான் பள்ளிகொண்ட அரவணை. திருநாமம் சொன்னால் இடர் கெடும் என்று கூறி, நம்மவரை இவ்வூருக்கு நடக்க அழைக்கிறார் ஆழ்வார். நாகபந்தம் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லார்க்கும் தெரியும். இப்பதிகம் எத்தனை பேர்க்குத் தெரியுமோ!

மறுநாள் விடியலில் அப்பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். மூன்று வாயில்களின் வழியே திருமுகம், உந்தித் தாமரை, திருவடி என மெல்ல நகர்ந்து கண்டாள். முதல் வாயிலுக்கே திரும்பவும் போகலாமா என்று கேட்டாள். பாம்பின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.