வெள்ளைச் சீருடைக்குப் பின்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆளைப் பாராது ஆடையைப் பார்க்கும் உலகத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அந்த உலகத்தின் பார்வையிலிருந்து நம் பிள்ளைகளைச் சிறிது காலமேனும் காத்து நிற்பது, பாடசாலையின் வெள்ளைச் சீருடை.

முதலாந் தரத்திலிருந்து பதின்மூன்றாந் தரம் வரை நம் நாட்டு அரச பாடசாலைப் பிள்ளைகள் வெண்சட்டையே உடுத்துகின்றனர். கடற்றொழிலாளியின் மகளும் கச்சேரி உத்தியோகத்தரின் மகளும் ஒரே நிறத்தில், ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். ஒருத்தியின் சட்டை புதிது என்பதும், மற்றவளின் சட்டைக் கழுத்துப்பட்டி திருப்பித் தைக்கப்பட்டது என்பதும் கூர்ந்து நோக்குவார்க்கு மட்டுமே தெரியும். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. 1980ஆம் ஆண்டில் இலவசப் பாடநூல் வந்தது. 1990களின் முற்பகுதியில் இலவசச் சீருடைத் துணியும் வந்து சேர்ந்தது. ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு உடை ஒரு தடையாகலாகாது என்னும் நல்லெண்ணமே இதன் அடிப்படை.

ஆனால், இந்தக் காவல் உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடுகின்றது. பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய பிள்ளையின் வீட்டில், முதல் நாள் மகிழ்ச்சி ஆரவாரம் அடங்கிய பின்னர் எழும் முதற் கேள்வி, "இனி எதை உடுத்திக்கொண்டு போவது?" என்பதே. பதின்மூன்று ஆண்டுகள் மறைந்திருந்த ஏற்றத்தாழ்வு, பதினான்காம் ஆண்டின் முதற் காலைப்பொழுதில் வெளிப்பட்டுவிடுகின்றது. இதனைச் சிறு விடயமென்று எண்ணுவோர், இந்த வேளையில் ஓர் ஏழைத் தாயின் முகத்தைப் பார்த்திராதவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பேராதனையில் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான என் மாணவி ஒருத்தி, தாயுடன் என்னைக் காண வந்தாள். ஆசி பெறவே வந்திருக்கின்றனர் என்று எண்ணினேன். தாய் சற்று நேரம் தயங்கி நின்று, "ரீச்சர், பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது. உடுப்புத்தான் யோசினையாக் கிடக்கு. கையிலை பதினையாயிரம் இருக்கு. காணாட்டில் இந்தக் காப்பை வைச்சு எடுப்பம் எண்டு பாக்கிறன்" என்றார். அவர் கையிற் கிடந்தது ஒற்றைக் காப்பு. அதன் இணை, பிள்ளையின் உயர்தர வகுப்புக் காலத்திலேயே அடகு போய் மீளாமற் போயிற்று என்பதைப் பின்னர் அறிந்தேன். மகளோ தலையைக் குனிந்தபடி, "அங்கை வாற பிள்ளையளெல்லாம் விதம்விதமா உடுத்திக்கொண்டு வருவினம், ரீச்சர்" என்றாள்.

"காப்பு கையிலேயே கிடக்கட்டும் அம்மா. முதலிலை கணக்கைப் பாப்பம்" என்றேன். கணிதம் கற்பிப்பவளுக்கு வேறு என்ன தெரியும்? அன்று மூவரும் கூடியிருந்து பார்த்த கணக்கை, பின்னர் பல்கலைக்கழகஞ் சென்ற பிள்ளைகள் பலருக்குச் சொல்லியிருக்கின்றேன். அதனை இங்கு எழுதுவதும் அந்தப் பயன் கருதியே.

முதலிலே வருமானத்தை நோக்குவோம். 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில், பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபா என்ற அளவில் நின்று, 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது உதவிப் பணமேயன்றி உடுப்புப் பணம் அன்று. உணவும் பிரயாணமும் நூற்பிரதிகளும் இதற்குள்ளேதான் அடங்கல் வேண்டும். அன்றியும், பல்கலைக்கழகத்திற் காலடி வைத்தவுடனே இது கைக்கு எட்டுவதுமில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதித் துணியின் விலையும் உடன் ஏறிற்று; பின்னர் பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. ஆகவே முதலாண்டுக்குரிய உடுப்பைக் கையிலுள்ள தொகைக்குள் அடக்கித்தான் ஆகவேண்டும்.

இனி எண்ணிக்கை. நாளுக்கொரு புது உடுப்பு வேண்டுமென்று எண்ணும் பிள்ளைக்குப் பெட்டி நிறைந்தாலும் மனம் நிறையாது. மேலே அணியும் சட்டை நான்கு, கீழே அணிவன மூன்று என்று கொள்வோம். நான்கை மூன்றாற் பெருக்கினால் பன்னிரண்டு. வாரத்துக்கு ஐந்து நாட் கல்வி என்றால், இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரே சோடி திரும்பி வராது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நான்கு சட்டையில் எதுவும் மூன்றில் எதனோடும் பொருந்துதல் வேண்டும். அதற்கு வழி, கீழே அணிவனவற்றைக் கருமை, கருநீலம், கபிலம் போன்ற தனி நிறங்களில் எடுப்பதும், பூவும் கோடும் மேற்சட்டையில் மட்டும் இருக்க விடுவதுமாகும். கண்ணைக் கவர்ந்தது என்பதற்காக, வேறொன்றோடும் சேராத பச்சைப் பாவாடை ஒன்றை வாங்கினால், அதற்காக இன்னுமொரு சட்டை வாங்க நேரிடும். தனியாக நிற்கும் உடுப்பே விலை கூடிய உடுப்பு.

அடுத்தது விலை. கடையில் எண்ணிக் கொடுக்கும் பணத்தையே நாம் விலை என்கின்றோம். உடுப்பின் உண்மை விலையோ, அந்தத் தொகையை அணியும் நாட்களால் வகுத்து வரும் ஈவே. 900 ரூபாவுக்கு வாங்கிய சட்டை பதினைந்து முறை உடுத்தியதும் சாயம் போய் இழுபடுமானால், ஒரு நாளைய விலை 60 ரூபா. 1,500 ரூபாச் சட்டை நூறு முறை உடுத்த நின்றால், ஒரு நாளைய விலை 15 ரூபா மட்டுமே. மலிவு எது என்பதை இந்த வகுத்தலே சொல்லும்.

ஒரு துணி எத்தனை முறை நிற்கும் என்பதைக் கடையிலேயே ஓரளவு அறியலாம். கைக்குட்டையின் மூலையை நனைத்து உள்மடிப்பிலே தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அடுத்த உடுப்பையும் அது கெடுக்கும். தையலின் இரு பக்கத்தையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூலுக்கிடையில் வெளிச்சம் தெரியுமானால் வைத்துவிடுங்கள். கீழ் மடிப்பில் மிச்சத் துணி உண்டா எனப் பாருங்கள். இருந்தால் பின்னர் நீட்டலாம். கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்து பாருங்கள்.

இந்தச் சோதனைகள் நம் நாட்டில் மிக அவசியம். 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பின்னர் ஆடை ஏற்றுமதி இங்கே பெருந் தொழிலாயிற்று. 1992ஆம் ஆண்டில் கிராமங்களுக்கும் தொழிற்சாலைகளைக் கொண்டுசெல்லும் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கிற்று. வெளிநாட்டுக் கட்டளைக்கென்று தைக்கும்போது, பழுது நேரலாம் என்று சில உடுப்புகளை மேலதிகமாகத் தைப்பர். அவ்வாறு மிஞ்சியவையும், சிறு குறையால் விலக்கப்பட்டவையும் உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. மகரகமைக்கு அண்மையிலுள்ள பமுணுவவிலும், கொழும்புப் புறக்கோட்டையிலும், பல நகரங்களின் நடைபாதைக் கடைகளிலும் கழுத்துச் சீட்டு வெட்டப்பட்ட நல்ல சட்டைகள் மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. ஒரு குவியலிலே, மிஞ்சியதும் உண்டு, விலக்கப்பட்டதும் உண்டு. பொத்தான் துளை சற்று விலகியிருந்தால் வாங்கலாம். ஒரு கை மற்றதனிலும் குறுகியிருந்தால் வாங்கலாகாது. இதனைப் பிரித்தறியும் கண்ணுள்ளவர்க்கே அங்கு இலாபம்.

துணி எடுத்துத் தைப்பிக்கும் வழக்கத்தையும் முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. துணிக்கடையில் மீற்றர் விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். அகலத்தையும் பார்த்தல் வேண்டும். ஆடவரின் முழுக்கைச் சட்டை ஒன்றுக்கு 36 அங்குல அகலத் துணியில் ஏறத்தாழ 2.25 மீற்றர் வேண்டும். 58 அங்குல அகலமாயின் ஏறத்தாழ 1.6 மீற்றர் போதும். முதலாவது மீற்றர் 800 ரூபா, இரண்டாவது 1,100 ரூபா என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு 1,800 ரூபாவும் இரண்டாவதற்கு 1,760 ரூபாவும் ஆகும். விலை கூடியது போலத் தோன்றியதே உண்மையில் மலிவு! பருத்தித் துணியாயின், தையற்காரரிடம் கொடுக்குமுன் ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்துதல் நன்று. சுருங்குவது தைக்குமுன்னரே சுருங்கிவிடும்.

போகும் இடத்தின் காலநிலையையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்து வெயிலில் காலையில் தோய்த்தது மதியத்துக்குள் உலர்ந்துவிடும். பேராதனை மழைக்காலத்திலோ கனத்த ஜீன்ஸ் இரண்டு மூன்று நாள் ஈரமாகவே தொங்கும். அதனை நம்பி நாலு ஜீன்ஸ் வாங்கிச் சென்ற பிள்ளை ஈரத்தோடுதான் விரிவுரைக்குப் போதல் வேண்டும். அங்கே பருத்தியும் செயற்கை இழையும் கலந்த மெல்லிய துணி விரைவில் உலரும். மட்டக்களப்பு வந்தாறுமூலைக்குச் செல்லும் பிள்ளைக்கோ பருத்தியே சுகம்.

தாயும் மகளும் நானும் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் போனோம். தீபாவளிக் கூட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தமையால் விலையும் இறங்கியிருந்தது. கடைக்காரருக்கும் பேச நேரம் இருந்தது. ஒன்றையும் வாங்காமல் முதலில் மூன்று கடை ஏறி இறங்கினோம். பின்னர் வாங்கியவை இவை: மேற்சட்டை நான்கு, 4,800 ரூபா, நீளக் காற்சட்டை இரண்டு, 3,800 ரூபா, தைத்த பாவாடை ஒன்று, 1,400 ரூபா, பாதணி ஒரு சோடி, 2,200 ரூபா, உள்ளாடைகள், 1,500 ரூபா, குடை ஒன்று, 1,300 ரூபா. கூட்டினால் சரியாக 15,000. ஆய்வுகூடத்து வெள்ளை அங்கியை, படித்து வெளியேறிய பழைய மாணவி ஒருத்தி கொடுத்துதவினாள். அக்காவின் உடுப்பைத் தங்கை உடுத்துவது நம் வீடுகளில் புதிதன்று. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அந்தப் பிள்ளை முதல் விடுமுறையில் வந்தபோது, புகுந்த புதிதிலே ஒருத்தி, "இண்டைக்கும் இதுவோ?" என்று கேட்டதைச் சொன்னாள். அன்றிரவு அழுததையும் ஒளிக்கவில்லை. இரண்டு மாதம் கழிந்ததும் அப்படிக் கேட்பார் எவரும் இலராம். "எல்லாருக்கும் உடுப்பு முடிஞ்சுது, ரீச்சர்" என்று சிரித்தாள்.

ஆயினும் எண்ணிக் கணக்குப் பார்த்து வாங்கிய பிள்ளையையும் வீழ்த்துவன சில உண்டு. ஒன்று, கைத்தொலைபேசியில் வரும் விளம்பரம். அங்கே துணியைத் தொட்டுப் பார்க்க இயலாது. மூன்று தவணையிற் கொடுக்கலாம் என்பதனால் விலையும் சிறிதாகத் தோன்றும். அடுத்த மாதத்து உணவுப் பணத்தில் இந்த மாதமே உடுத்துவதற்கு அது மற்றொரு பெயர். மற்றொன்று, நண்பர் கூட்டத்தின் கட்டளை. ஒன்றுகூடலுக்கு எல்லோரும் ஒரே நிறச் சேலை, பிரியாவிடைக்கு எல்லோரும் ஒரே வகைச் சட்டை என்று தீர்மானிக்கின்றனர். ஒற்றுமையைக் காட்டவே இந்த ஏற்பாடு. ஒரு நாள் உடுத்தும் அந்தச் சேலைக்காக ஒரு பிள்ளை ஒரு மாதம் இராச்சாப்பாட்டைக் குறைக்கின்றாள் என்பது கூட்டத்துக்குத் தெரிவதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுவே. நன்றாக உடுத்துங்கள், அது இளமையின் உரிமை. ஆனால் பிறர் எதை உடுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், "வீட்டிலுள்ள எந்தச் சேலையானாலும் சரி" என்ற சொல்லை நீங்கள் முதலிற் சொல்லுங்கள். ஏழைப் பிள்ளை அதனைச் சொல்ல வாய் திறவாது. நீங்கள் சொன்னால் கூட்டம் கேட்கும்.

வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சொல்வது, நம் வீட்டுக் கிழவிகள் சொன்னதே: கந்தையானாலும் கசக்கிக் கட்டு. ஊசியும் நூலும் நான்கு பொத்தானும் பெட்டியில் இருக்கட்டும். தோய்த்து மடித்த பழைய சட்டைக்கு முன், கசங்கிய புதுச் சட்டை நில்லாது.

ஆசிரியராகிய எங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பாடசாலைகளில் ஆண்டுக்கொரு முறையேனும் வண்ண உடையில் வரலாம் என்று ஒரு நாள் வைக்கப்படுகின்றது. வகுப்பறை பூந்தோட்டமாகக் காட்சியளிக்கும். அன்றைய வருகைப் பதிவேட்டை எடுத்து, வராத பிள்ளைகளின் பெயரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் காய்ச்சலால் வராதவர்கள் அல்லர். அடுத்த ஆண்டு அந்த நாளைக் குறிக்குமுன், அந்தப் பெயர்களை நாம் நினைத்துக்கொள்வோமாக.