வரட்டுமா, வேணாமா?

2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்திய இரண்டு வாரமும் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். கொழும்பில் இருக்கிற பிள்ளையை வரச் சொல்வதா, வேண்டாம் என்பதா? புறக்கோட்டைத் துணிக்கடையில் நிற்கிற மகன், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிற தம்பி, யாரோ வீட்டில் பிள்ளை பார்க்கிற அக்கா என்று, கொழும்பில் ஓர் ஆளாவது இல்லாத குடும்பம் மலையகத்தில் குறைவு. அவர்கள் ஊருக்கு வருவது தீபாவளிக்கு. சித்திரைக்குக் கடையில் லீவு கிடைக்காமல் போகும், கோயில் திருவிழாவும் தவறிப்போகும். தீபாவளிக்கு மட்டும் எப்படியாவது வந்து சேர்வார்கள்.

அந்த வருஷம் அக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனாவின் இரண்டாவது அலை கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் பேலியகொடை மீன் சந்தைக்கும் வந்துவிட்டது. பேலியகொடையிலிருந்து மீன் லொறி போகாத டவுன் இந்த நாட்டில் எது? ஹட்டனிலும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தீபாவளி நெருங்கியபோது, நவம்பர் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. தடைக்கு முன்பே சிலர் புறப்பட்டு வந்திருந்தார்கள். பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். வந்தவர்களைப் பற்றித்தான் டவுனில் பேச்சு: தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது, பண்டிகை என்றால் உயிரையும் பார்க்க மாட்டார்கள் என்று.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த நாட்களில் லயத்து இஸ்தோப்புகளில் நடந்த கணக்குப் பார்ப்பைப் பக்கத்திலிருந்து கேட்டவன். ஒரு பிள்ளை ஊர் வருவதால் வரக்கூடிய ஆபத்தை அவ்வளவு நுணுக்கமாக நிறுத்துப் பார்த்தவர்கள் கொழும்பிலேயே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

"வீட்டில் இருங்கள்" என்று வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்லின. சொன்னவர்கள் மனதில் இருந்த வீடு வேறு. லயத்துக் காம்பிரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதில் ஒரு மூலை அடுப்படி. காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் இடையிலுள்ள சுவர் பல இடங்களில் கூரைத் தகரத்தைத் தொடாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் குழந்தை விழிக்கும். தண்ணீருக்கு ஒரு பீலி, அல்லது எல்லாருக்கும் ஒரு பைப். கக்கூசும் பல இடங்களில் பொதுதான். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்க ஜன்னலும் கிடையாது. இதில் ஒருவருக்குச் சுயதனிமைப்படுத்தல் என்று சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, வந்து கதவில் கடதாசி ஒட்டினால், ஒட்டியது ஒரு கதவில், அடைபட்டது லயம் முழுவதும்.

ஆகவே ஒரு பிள்ளை ஊருக்கு வருவது அந்தக் குடும்பம் மட்டும் முடிவெடுக்கிற காரியமாக இருக்கவில்லை. என் சின்னம்மாவின் லயத்தில் நடந்ததை நான் அருகில் இருந்து கேட்டேன். அவருடைய மூத்தவன் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. தடை வருவதற்கு முன் ஒரு ராத்திரி போன் எடுத்தான்.

"அம்மா, நாளைக்கு ஒரு வேன் வருதாம். வரட்டுமா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

"நா மட்டும் என்னத்த தம்பி சொல்றது? அடுத்த காம்பிராவுல கைக்கொழந்த இருக்கு. கோடியில தாத்தாவுக்கு இழுப்பு. கேட்டுட்டுச் சொல்றேன், இரு."

போனை வைக்காமலே இஸ்தோப்புக்கு வந்து கேட்டார். அந்த நேரத்தில் யாரும் தூங்கியிருக்கவில்லை, அந்தப் பேச்சும் எல்லாருக்கும் கேட்டிருந்தது. கைக்குழந்தைக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பதில். கோடிக் காம்பிராத் தாத்தாதான் முதலில் வாய் திறந்தார். "புள்ள வரட்டும் ஆத்தா. நா மேட்டு லயத்துல மக வீட்ல போயி ரெண்டு கெழம இருந்துக்கிறேன்." அந்த ஒரு வார்த்தைதான் சின்னம்மாவை அசைத்தது. தன் மகன் வருவதற்காக எழுபது வயது தாண்டிய ஓர் ஆள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டுமா? மேட்டு லயத்திலும் அதே காம்பிராதானே? வேண்டாம் தம்பி, அங்கேயே இரு என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நெடுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவன் வராமல் இருந்ததால் ஆபத்து இல்லாமல் போகவில்லை. அது இடம் மாறியது, அவ்வளவுதான். கடைக்கு மேலே ஒரே அறையில் பல பொடியன்களோடு படுக்கிறவன் அவன். கடை பூட்டினால் முதலாளி சோறு போடுவாரா, சம்பளம் தருவாரா என்பது நிச்சயமில்லை. நாட்டில் அதிகம் நோய் இருந்த நகரத்தில், லயக் காம்பிராவை விட நெருக்கமான ஓர் அறையில் பிள்ளையை விட்டுவிட்டு, இங்கே பட்சணம் சுடுவது எந்தத் தாய்க்கு எளிது? சின்னம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டு, பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி, கொழும்புக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றிவிட்டார். மரக்கறி லொறிக்கு எந்தக் காலத்திலும் தடை இருக்கவில்லை.

காசுக் கணக்கும் இதில் உண்டு, அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2019 கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது. 1,000 ரூபாவுக்கான வர்த்தமானி 2021 மார்ச்சில்தான் வந்தது. லயத்தை இரண்டு வாரம் அடைத்தால் ஞாயிறு போகப் பன்னிரண்டு பேர், அதாவது பன்னிரண்டு நாள் சம்பளம், போச்சு, 8,400 ரூபா. புருஷனும் பெண்சாதியும் தோட்டத்தில் என்றால் 16,800. தனிமைப்படுத்தப்படும் குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அது வந்து சேரும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதோடு நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்காது. உன் பிள்ளை வந்ததால் என் பேர் போச்சு என்று அடுத்த காம்பிராக்காரி நாளைக்குப் பீலியடியில் கேட்டால் என்ன பதில் சொல்வது? நோய் பதினான்கு நாளில் ஆறிவிடலாம். பீலியடிப் பகை வருஷக்கணக்கில் ஆறாது.

வேலைத்தலத்தின் ஆபத்தும் மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. 2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோதும் தேயிலை நிற்கவில்லை. தோட்ட வேலைக்கு விலக்கு கொடுத்தார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, மேலே வானம், நல்ல காற்று. அதில் பயப்பட அதிகம் இல்லை. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கூடி நிற்பதும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்க முண்டுவதும், தூர மலைக்கு லொறியில் நெருக்கியடித்துப் போவதும்தான் பயம். பெண்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். நிறுக்கும் இடத்துக்கு முதலில் ஓடுவதை விட்டு, கூடையோடு மேட்டில் உட்கார்ந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்தார்கள். பிந்தினால் பிள்ளை மடுவத்தில் குழந்தை அழும். அந்த அழுகையும் தராசில் ஒரு பக்கம் ஏறியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுமையோடு செங்குத்தான மலை ஏறுவது எவ்வளவு சிரமம் என்று மாஸ்க் போடச் சொன்னவர்கள் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

தொற்றுக்குப் பயந்து எங்கள் ஆட்களை வழியில் நிறுத்துவது இந்தக் காலத்துக் கதை அல்ல. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தபோது வாந்திபேதியில் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு கடலைத் தாண்டுமுன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே தலைமன்னார்க் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே யாரும் இவர்களிடம் எதையும் கேட்டதில்லை. தோட்டத்துக்கு நோய் போய் வேலை கெடக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். நூறு வருஷம் கழித்து, கினிகத்தேனைப் பக்கச் சோதனைச் சாவடியில் வேனை விட்டு இறங்கி வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. சோதிப்பது சரி. சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் 2021 சித்திரை விடுமுறைக்குக் கொழும்பு வாகனங்களால் நுவரெலியா நிரம்பி வழிந்ததை நாடே பார்த்தது. வாவிக்கரையில் குதிரை ஓடியது, கடைகள் திறந்திருந்தன. அதன் பின்னால்தான் மூன்றாவது அலை வந்தது. விடுமுறைக்கு வந்தவரை யாரும் நோய் காவி என்று சொல்லவில்லை. தாயைப் பார்க்க வந்த கடைப் பொடியனுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. இது அநியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

மக்கள் எப்போதுமே சரியாக நிறுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மே 26ஆம் திகதி தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். 31ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் தகனம். ஊரடங்கு இருந்தும் வழிநெடுகச் சனம் நின்றது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பன் போனார், மகனைப் போக விடவில்லை. "நா போகாட்டி யார் போறது? ஒனக்குப் புள்ள குட்டி இருக்கு, வீட்ல இரு" என்றாராம். சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது தோட்டத்தில் மனிதத்தனமே இல்லாத செயல். யார் செத்தாலும் வேலையை விட்டுவிட்டுப் போகிற சனம் அது. அந்த வழக்கத்தை ஒரே நாளில் விடச் சொன்னால், பாதியாவது விட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் கஷ்டமான முடிவு வைத்தியசாலைக்குப் போவது. 2021 மே நடுவில் மாகாணங்களுக்கு இடையிலான பயணத்தடை, அதே மாதம் 21ஆம் திகதியிலிருந்து நாடு முழுக்கப் பயணக் கட்டுப்பாடு. பஸ் இல்லை. சீனி, பிரஷர் கிளினிக்குக்கு மாதாமாதம் டிக்கோயாவுக்குப் போகிற கிழவிகள் என்ன செய்வார்கள்? ஓட்டோ பிடித்தால் ஒரு நாள் பேரைத் தாண்டும். போனால் அங்கே கொரோனாக்காரர்களும் இருக்கிறார்கள். போகாவிட்டால் குளிசை முடியும். சிலர் நாளுக்கு இரண்டு என்றிருந்த குளிசையை ஒன்றாக்கி நாளைக் கடத்தினார்கள். நான் சண்டை பிடித்தேன். "கெழம வரைக்கும் தாங்குமே ராசா, அதுக்குள்ள தொறந்துருவாங்கல்ல" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்கள். பெரியவர்கள் சிலர் அந்த மழைக் காலத்தில் போய்விட்டார்கள். அவர்களைக் கொரோனாக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. வீட்டில் இருக்கச் சொன்னதைக் கேட்டு இருந்தவர்கள் அவர்கள்.

படிக்கிற பிள்ளைகளின் கதை தனியாக எழுத வேண்டியது. பாடமெல்லாம் போனில், ஒரு வீட்டில் ஒரே போன். அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்பும். சிக்னல் மலை உச்சியில். அட்டை கடித்தாலும் பரவாயில்லை, படிப்புப் போகக் கூடாது என்று பெண் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிய தாய்மார், துணைக்கு ஒரு தம்பியையும் கூட்டி அனுப்பினார்கள். அதுவும் நிறுத்துப் பார்த்த பயணம்தான்.

தடுப்பூசி வந்தபோதும் இதே தராசுதான். 2021 நடுவில் சினோபாம் தோட்டங்களுக்கு வந்தது. பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று முன்பே கதை வந்திருந்தது. வந்தால் வரட்டும், அடுத்த நாள் மலைக்குப் போக முடியாவிட்டால் பேர் யார் போடுவது என்பதுதான் பெண்களின் கேள்வி. ஊசியை வேண்டாம் என்றவர்கள் நான் பார்த்த அளவில் மிகக் குறைவு. நாளைத்தான் மாற்றக் கேட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு படுத்துக் கிடக்கலாம், திங்கட்கிழமை பெரட்டுக்கு நிற்கலாம். சின்னம்மாவின் தோட்டத்தில் அதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொன்னது கைக்குழந்தைக்காரி. உத்தியோகத்தர் ஒப்புக்கொண்டு மேலிடத்தில் பேசி, இரண்டாவது ஊசியைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு லயமே காலியாக மண்டபத்துக்குப் போனது. கோடிக் காம்பிராத் தாத்தாவை இரண்டு பொடியன்கள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள்.