மன்னத்தில் ஒரு ரூம்

"பாய், மன்னத்துல ஒரு ரூம் வேணும், எவ்வளவு ஆகும்?"

2020 ஜனவரியில் ட்விட்டரில் ஒரு ரசிகர் ஷாருக் கானிடம் கேட்ட கேள்வி இது. மும்பை பாந்த்ராவில் கடலைப் பார்த்து நிற்கும் அவரோட வீட்டுக்குப் பேர்தான் மன்னத். அவர் சொன்ன பதில்: முப்பது வருஷ உழைப்பு ஆகும்.

நான் இதைப் படிச்சது ரொம்ப லேட். தேர்ட் இயர் முடிஞ்ச லீவுல, ஹாஸ்டல் ரூம்மேட் காட்டினா. அவ ஹைதராபாத்காரி, ஹிந்தி தண்ணி பட்ட பாடு. எனக்கு ஹிந்தி சுத்தமா வராது. (தமிழும் செகண்ட் லாங்குவேஜா படிச்சதுதான். ஒற்றுப் பிழை இருந்தா எடிட்டர் அண்ணா பார்த்துப்பாரு.) அன்னைக்கு ஆரம்பிச்சு, அவர் ரசிகர்களுக்குச் சொன்ன பழைய பதில்களையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். அவ மொழிபெயர்ப்பாளர், நான் ஆடியன்ஸ்.

விஷயம் ரொம்ப சிம்பிள். "ஆஸ்க் எஸ்ஆர்கே"ன்னு ஒரு ஹேஷ்டேக். பதினஞ்சு நிமிஷம் இருக்கேன், கேளுங்கன்னு அவரே சொல்லுவாரு. அவ்வளவுதான், ஆயிரக்கணக்குல கேள்வி கொட்டும். பாதி பேர் "ஐ லவ் யூ", கால்வாசி பேர் "அடுத்த படம் எப்போ". மிச்சம் இருக்கிறவங்கதான் சுவாரசியமானவங்க. குத்தணும்னே வர்றவங்க.

அந்த 2020 ஜனவரியில் அவர் நிலைமை என்னன்னு பார்க்கணும். 2018 டிசம்பரில் வந்த 'ஜீரோ' ஓடலை. அடுத்து ஹீரோவா நடிச்ச படம்னு எதுவும் வரலை, அறிவிப்பும் இல்லை. வயசு 54. அப்போ ஒருத்தர் வந்து, உங்க படம் எல்லாம் ஃப்ளாப் ஆகுதே, எப்படி இருக்கு உங்களுக்குன்னு கேட்கிறாரு. யோசிச்சுப் பாருங்க, இதை எத்தனை பேர் நேர்ல மூஞ்சியைப் பார்த்துக் கேட்பாங்க? அதுக்கு அவர் கோபப்படலை, விளக்கமும் கொடுக்கலை. உங்க பிரார்த்தனையில என்னை நினைச்சுக்கோங்க, அது போதும்னு முடிச்சுட்டாரு.

அதே வருஷம் அக்டோபரில் இன்னொருத்தர், மன்னத்தை விக்கப் போறீங்களான்னு கேட்டாரு. இதுக்கு வந்த பதில் எனக்கு முதல்ல புரியவே இல்லை. ரூம்மேட்தான் சொன்னா, மன்னத்னா வேண்டுதல்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல சாமிகிட்ட வேண்டிக்கிறோமே, அதேதான். மன்னத் விக்கிற பொருள் இல்லை தம்பி, தலை குனிஞ்சு கேட்கிற பொருள்னு அவர் சொல்லியிருந்தாரு. வீட்டையும் சொன்ன மாதிரி ஆச்சு, கேட்டவருக்கும் ஒரு கொட்டு வெச்ச மாதிரி ஆச்சு.

இதை நான் ஏன் இவ்வளவு படிச்சேன்னா, எனக்கும் அந்த வருஷம் முழுக்க கேள்விகளாத்தான் வந்துட்டு இருக்கு. ஃபைனல் இயர், இ.இ.இ. பிளேஸ்மெண்ட் சீசன். இதுவரைக்கும் ஏழு கம்பெனி உட்கார்ந்தாச்சு, ரெண்டுல கடைசி ரவுண்ட் வரைக்கும் போனேன். எங்க வீடு ஈரோடு பக்கம், அப்பா விசைத்தறி ஓட்டுறாரு. படிப்பு பேங்க் லோன்ல நடக்குது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை கட்ட ஆரம்பிக்கணும். இது வீட்ல யாரும் சத்தமா பேசாத விஷயம். ஆனா எல்லாருக்கும் தேதி தெரியும்.

போன ஆவணியில ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துல பந்திக்கு உட்கார்றதுக்குள்ள ஆறு பேர். "ஏங் கண்ணு, வேலை ஆயிருச்சா?" "காலேஜுக்கு கம்பெனியே வர்றதில்லையா அம்மணி?" ஒரு பெரியம்மா நேரா அப்பாகிட்டயே, "பேசாம அப்பவே பி.எட். சேர்த்திருக்கலாமுங்க தம்பி"ன்னாங்க. அப்பா சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை.

யாரும் கெட்ட எண்ணத்துல கேட்கலை, அது எனக்குத் தெரியும். எங்க ஊர்ல நலம் விசாரிக்கிற முறையே அதுதான். ஆனா பதில் சொல்ற இடத்துல நிக்கிறவங்களுக்கு மட்டும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு இன்டர்வியூ.

இன்டர்வியூன்னதும் ஞாபகம் வருது. "உங்க வீக்னஸ் என்ன?"ன்னு எச்.ஆர். கேட்டா, "நான் ஒரு பெர்ஃபெக்ஷனிஸ்ட்"னு சொல்லச் சொல்லி சீனியர்ஸ் எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. எங்க பேட்ச்ல அறுபது பேருக்கும் ஒரே வீக்னஸ்! அதைக் கேட்டுக் கேட்டு அந்த எச்.ஆர். எப்படி சிரிக்காம இருக்காங்களோ.

ஷாருக் கான் பதில் எல்லாமே அருமைன்னு நான் சொல்ல வரலை. நிறைய இடத்துல நைஸா நழுவுறாரு. 'பதான்' படத்துக்கு எவ்வளவு வாங்கினீங்கன்னு கேட்டா, ஏன், அடுத்த படத்துக்கு என்னை புக் பண்ணப் போறீங்களான்னு திருப்பிக் கேட்கிறாரு. சிரிப்பு வரும், ஆனா பதில் வரலை. அதுவும் ஒரு திறமைதான்னு வெச்சுக்கலாம். விஜய்யைப் பத்திக் கேட்டா மட்டும் நழுவலை. அடக்கமான, அமைதியான மனுஷன், எனக்கு நல்ல சாப்பாடு போட்டாருன்னு சொன்னாரு. 2022-ல் 'ஜவான்' ஷூட்டிங்குக்கு சென்னையில ஒரு மாசம் இருந்துட்டு, சிக்கன் 65 ரெசிபி கத்துக்கணும்னு எழுதினவராச்சே.

இன்னொரு விஷயமும் சொல்லிடணும். யூடியூப்ல இவரை வெச்சு நிறைய மோட்டிவேஷன் வீடியோ ஓடுது. பதினஞ்சு வயசுல அப்பா போயிட்டாரு, முதல் படம் 'தீவானா' 1992-ல் வர்றதுக்குள்ள அம்மாவும் போயிட்டாங்க, டெல்லியிலிருந்து மும்பைக்குத் தனியா வந்து ஜெயிச்சாரு, நீயும் ஜெயிப்பன்னு. முதல் பாதி உண்மை. கடைசி வரி யார் கொடுத்த கேரண்டி?

அதே மாதிரிதான் 'ஜீரோ'வுக்கும் 'பதானு'க்கும் நடுவுல இருந்த நாலு வருஷமும். 2023-ல் 'பதான்' ஜெயிச்ச பிறகு நடந்த பிரஸ் மீட்ல அவரே சொன்னாரு: படம் ஓடாதுன்னு எல்லாரும் சொன்னதால, வேற தொழில் பார்க்கலாம்னு இத்தாலியன் சமையல் கத்துக்கிட்டேன், ஹோட்டல் வைக்கலாம்னு இருந்தேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். ஆனா அவர் பீட்சா மாவு பிசைஞ்சது மன்னத்ல இருந்துகிட்டு. தறி நின்னா எங்க வீட்ல அடுப்பு எரியறதே யோசனை. வெயிட் பண்றதுக்கும் கையில காசு வேணும், அதை எந்த வீடியோவும் சொல்றதில்லை.

இவ்வளவு தெரிஞ்சும் எனக்கு அந்தப் பதில்கள் பிடிக்குது. 'பதான்', 'ஜவான்' ரெண்டும் ஆயிரம் கோடி தாண்டினதுக்காக இல்லை. 'ஜவானு'க்காகப் போன வருஷம், 2025-ல், முதல் தேசிய விருது கிடைச்சதுக்காகவும் இல்லை. அதெல்லாம் கிடைச்ச பிறகு யார் வேணா ஸ்டைலா பேசலாம். கையில ஒண்ணுமே இல்லாத 2020-லயும் அவர் அதே குரல்லதான் பேசினாரு. இத்தனை ஹிட்டுக்கு அப்புறமும் 2025 ஆகஸ்ட்ல ஒருத்தர், வயசாயிடுச்சு, ரிட்டயர் ஆகுங்கன்னு எழுதினாரு. உன் கேள்வியோட சின்னப்பிள்ளைத்தனம் போன பிறகு ஏதாவது நல்லதா கேளு, அதுவரை நீ தற்காலிக ரிட்டயர்மெண்ட்ல இருன்னு பதில் வந்துச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் கேட்கிறவங்க மாறறதே இல்லை போல.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அதே பெரியம்மா கோயில்ல பார்த்தாங்க. "வேலை ஆயிருச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங் பெரிம்மா. கோயிலுக்குத்தான வந்திருக்கீங்க, எனக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க."

அவங்க ஒரு செகண்ட் முழிச்சாங்க. அப்புறம் நிஜமாவே சந்நிதிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டாங்க. வெளிய வந்து என் நெத்தியில திருநீறு வெச்சுவிட்டு, அவங்க பையன் திருப்பூர்ல ஒரு வேலையை விட்டுட்டு ஆறு மாசமா வீட்ல இருக்கிற கதையைச் சொன்னாங்க. அது எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பாவும் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாரு. "பார்த்துக்கலாங்க அக்கா"ன்னாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க, தறி, நூல் விலை, பையன் எல்லாம்.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்கிட்ட சொன்னேன். காப்பிரைட் கேஸ் போடுவாங்கடின்னு சிரிச்சா. வர்ற புதன்கிழமை எட்டாவது கம்பெனி வருது, ஆப்டிட்யூட் காலையில எட்டரைக்கு.